ஆள் நல்லவர், கட்சிதான்...

ஜனாதிபதித் தேர்தல் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து இலங்கையின் சந்திகளிலும் சலூன்களிலும் குடும்ப வட்ஸ்அப் குழுக்களிலும் ஒரே வசனம் திரும்பத் திரும்ப ஒலிக்கும்: "ஆள் நல்லவர்தான், கட்சிதான் சரியில்லை." 2024 செப்டெம்பர் தேர்தலில் இது குறைந்தது மூன்று பேரைப் பற்றிச் சொல்லப்பட்டது. அநுரகுமார திசாநாயக்க களவெடுக்காதவர், ஆனால் பின்னால் ஜே.வி.பி. (மக்கள் விடுதலை முன்னணி) நிற்கிறது என்றார்கள். சஜித் பிரேமதாச பிழையானவர் இல்லை, சுற்றியிருப்பவர்கள் பழைய ஐக்கிய தேசியக் கட்சிக்காரர் என்றார்கள். ரணில் விக்கிரமசிங்க எரிபொருள், எரிவாயு வரிசைகளை இல்லாமல் செய்தவர், ஆனால் அவரைத் தூக்கிப் பிடிப்பது யார் என்று கேட்டார்கள். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் அதே வசனத்தைத் தலைகீழாகப் புரட்டுவார்: "ஆள் எப்படியும் இருக்கட்டும், கட்சி எங்களுக்குச் செய்யும்." இரண்டு மணிநேரம் கதைத்தாலும் இருவரும் நின்ற இடத்திலேயே நிற்பார்கள்.

இந்த வசனம் என்னை விடாமல் அரிப்பதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, அது ஆளையும் கட்சியையும் சட்டையும் கொழுவியும் போல எண்ணுகிறது. வேண்டுமென்றால் கழற்றி வேறொன்றில் மாட்டலாம் என்பதுபோல. மற்றது, இந்தச் சந்தேகத்தைப் பதிவதற்கென்றே வாக்குச்சீட்டில் ஓர் ஏற்பாடு இருக்கிறது: முதல் விருப்பத்துக்கு 1 போட்டபின், மேலும் இருவருக்கு 2, 3 என்று எழுதலாம். 1981 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஜனாதிபதித் தேர்தல்கள் சட்டம் அதைக் கொடுத்து நாற்பது வருடங்களுக்கு மேலாகிறது. சந்தியில் மணிக்கணக்காகக் கதைக்கும் நாம், அந்தக் கட்டங்களை வெறுமையாகவே பெட்டிக்குள் போட்டுவிட்டு வருகிறோம்.

இரவல் சின்னங்கள்

முதலில் கட்சி. ஜனாதிபதி வேட்பாளரின் கட்சி எது என்ற கேள்விக்கு வாக்குச்சீட்டில் உள்ள சின்னம் பதில் சொல்லும் என்று நினைப்பது இலங்கையில் பெரிய பிழை. அன்னச் சின்னத்தைப் பாருங்கள். 2010 இல் அதில் நின்றவர் முன்னாள் இராணுவத் தளபதி சரத் பொன்சேகா. 2015 இல் நின்றவர் ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்துவிட்டு வெளியே வந்த மைத்திரிபால சிறிசேன. 2019 இல் நின்றவர் ஐக்கிய தேசியக் கட்சியின் பிரதித் தலைவர் சஜித் பிரேமதாச. மூவரையும் நியமித்தது புதிய ஜனநாயக முன்னணி. மூவருமே அந்தக் கட்சிக்குள் வளர்ந்தவர்கள் இல்லை. 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அதே முன்னணி ரணில் அணியினரோடு எரிவாயு சிலிண்டர் சின்னத்தில் வந்தது. அதற்கு இரண்டு மாதம் முன்பு ஐக்கிய தேசியக் கட்சியின் தலைவரான ரணில் அதே சிலிண்டரில் சுயேச்சையாக நின்றிருந்தார்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட எந்தக் கட்சியும் யாரையும் வேட்பாளராக நியமிக்கலாம், அவர் அந்தக் கட்சியின் உறுப்பினராக இருக்க வேண்டியதில்லை. சுயேச்சையாக நிற்பதென்றால் மட்டும் அவர் இப்போதோ முன்போ நாடாளுமன்ற உறுப்பினராக இருந்திருக்க வேண்டும். கட்டுப்பணம் கட்சி வேட்பாளருக்கு 50,000 ரூபாய், சுயேச்சைக்கு 75,000 ரூபாய். 1981 இல் அது பெரிய தொகை. இன்று அந்தக் காசுக்கு ஒரு வேட்பாளருக்குக் கிடைப்பது வாக்களிப்பு நிலையங்களிலும் எண்ணும் நிலையங்களிலும் முகவர்களை அமர்த்தும் உரிமை, அரச வானொலியிலும் தொலைக்காட்சியிலும் இலவச நேரம். வெல்லும் எண்ணமே இல்லாத ஒருவர் இந்த இரண்டையும் இன்னொருவரின் பக்கமாகத் திருப்பிவிட முடியும். 2019 இல் 35 பேர், 2024 இல் 39 பேர் வேட்புமனு கொடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். "டம்மி வேட்பாளர்" என்று ஊரில் சொல்வது இவர்களைத்தான். நேர்மை பற்றிய கதை முன்னணி வேட்பாளர்களையே சுற்றுவதால், இவர்கள் யாருக்காக நிற்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. எண்ணும் நிலையத்தில் அவர்களுடைய முகவர் அட்டையைக் கழுத்தில் மாட்டியிருப்பவர் எந்தக் கட்சிக்காரர் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

இன்னொரு சட்டப் புள்ளியும் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினர் கட்சியிலிருந்து நீக்கப்பட்டால் அரசியலமைப்பின் 99(13) உறுப்புரையின்படி ஆசனத்தை இழப்பார். 2024 ஓகஸ்ட் 9 அன்று ஹரின் பெர்னாண்டோ, மனுஷ நாணயக்கார இருவரையும் சஜித்தின் ஐக்கிய மக்கள் சக்தி நீக்கியது செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, இருவரின் ஆசனமும் போனது. ஜனாதிபதிக்கு அப்படியொரு கயிறு இல்லை. நியமித்த கட்சியை அவர் அடுத்த நாளே மறந்துவிடலாம், பதவி அசையாது. அவரை இறக்குவதற்கு நாடாளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பெரும்பான்மையும் உச்ச நீதிமன்ற விசாரணையும் வேண்டும். ஆகவே வேட்பாளரின் உண்மையான கட்சி உறவை வேட்புமனுவில் தேடிப் பயனில்லை. அவர் வென்ற மறுநாள் எந்த உறுப்பினர்களை வைத்துச் சட்டம் நிறைவேற்றுவார், அடுத்த நாடாளுமன்றத் தேர்தலில் யாருக்கு வேட்புமனு எழுதிக் கொடுப்பார் என்று பார்க்க வேண்டும்.

மைத்திரி என்ற பாடம்

இதற்கு 2015 ஐவிடத் தெளிவான உதாரணம் வேறில்லை. ஜனவரி 8 அன்று மைத்திரிபால 51.28 சதவீதம் பெற்று, சுதந்திரக் கட்சித் தலைவராக இருந்த ஜனாதிபதி மஹிந்த ராஜபக்சவைத் தோற்கடித்தார். யாழ்ப்பாண மாவட்டத்தில் அவருக்கு விழுந்தது 74 சதவீதம். அன்று எல்லோரும் சொன்னது, எளிமையான ஆள், பொலன்னறுவை விவசாயக் குடும்பம், கைசுத்தம். அன்றைய கதை முழுவதும் ஆளைப் பற்றியே இருந்தது. அவர் ஒருமுறைதான் இருப்பேன் என்றார், நிறைவேற்று அதிகாரத்தைக் குறைப்பேன் என்றார். ஏப்ரலில் அந்த அதிகாரத்தைக் குறைக்கும் அரசியலமைப்பின் 19 ஆவது திருத்தம் நிறைவேறியது. தன் கையிலிருந்த அதிகாரத்தைத் தானே விட்டுக்கொடுத்த ஜனாதிபதி என்ற பெயர் அவருக்கு உரியதுதான்.

ஆனால் ஜனவரி 16 அன்றே, வென்று எட்டு நாளில், அவர் சுதந்திரக் கட்சியின் தலைவரானார். அவரை வெல்ல வைத்த வாக்குகளில் பெரும்பகுதி அந்தக் கட்சிக்கு எதிராக விழுந்தவை. அந்தத் தலைமையை ஏற்ற கணத்திலிருந்து அவருக்கு இரண்டு எசமானர்கள்: வாக்களித்த மக்கள் ஒருபக்கம், கட்சியைக் காப்பாற்ற வேண்டிய கடமை மறுபக்கம். அந்த ஓகஸ்ட் பொதுத் தேர்தலில் மஹிந்த ராஜபக்ச இவருடைய கூட்டணியின் பட்டியலில்தான் குருநாகலில் போட்டியிட்டார். தேர்தலில் தோற்றவர்கள், கட்சி நியமிக்கும் தேசியப் பட்டியல் வழியாக உள்ளே வந்தார்கள். 2018 ஜனவரியில், ஐந்து வருடமா ஆறு வருடமா தன் பதவிக்காலம் என்று உச்ச நீதிமன்றத்திடம் கேட்டார். ஐந்து என்று பதில் வந்தது. அதே வருடம் ஒக்டோபர் 26 அன்று பிரதமர் ரணிலை நீக்கி மஹிந்தவை நியமித்தார். நவம்பர் 9 அன்று நாடாளுமன்றத்தைக் கலைத்தார். டிசெம்பர் 13 அன்று ஏழு நீதியரசர்களும் ஒருமனதாக அந்தக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரண் என்றார்கள்.

இங்கேதான் "நேர்மை" என்ற சொல்லை நாம் எவ்வளவு குறுக்கிவிட்டோம் என்பது தெரிகிறது. ஊரில் நேர்மை என்றால் களவெடுக்காமை. 2018 இல் உடைந்தது வேறு: கொடுத்த வாக்கைக் காப்பது. பணத்தில் ஒருவர் எப்படி என்பதை அவருடைய பழைய வாழ்க்கை ஓரளவு காட்டும். வாக்கில் எப்படி என்பதை அவர் பதவிக்கு வந்தபின் அவரை எந்தக் கட்சி எந்தப் பக்கம் இழுக்கும் என்பதே பெருமளவு தீர்மானிக்கிறது. கட்சி உறவைத் தள்ளிவைத்துவிட்டு ஆளை மட்டும் அளந்தால் இந்த இரண்டாவது நேர்மையை அளக்கவே முடியாது.

அநுரவின் விடயத்திலும் இதே அளவுகோலைத்தான் பிடிக்க வேண்டும். அவர் 2004 இல் விவசாய அமைச்சரானபோது ஜே.வி.பி.க்கு 39 ஆசனங்கள் இருந்தன. 2005 ஜூனில், அரசும் விடுதலைப் புலிகளும் சேர்ந்து சுனாமி நிவாரணத்தைக் கையாளும் பொதுக் கட்டமைப்பை எதிர்த்துக் கட்சி அரசை விட்டு வெளியேறியது. அந்த நவம்பரில் மஹிந்தவை ஆதரித்தது. 2006 ஒக்டோபரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களின் இணைப்பு செல்லாது என்ற தீர்ப்பு வந்தது ஜே.வி.பி. உறுப்பினர்கள் போட்ட வழக்கில். தமிழ் வாக்காளர் "கட்சிதான்..." என்று இழுக்கும்போது அந்த இழுப்புக்குள் இவ்வளவும் இருக்கிறது. அதை வெறும் பழைய பகை என்று தள்ளிவிட முடியாது. அதேநேரம் 2024 இல் அவர் வென்ற நாளில், ஜே.வி.பி. தலைமையிலான கூட்டணியான தேசிய மக்கள் சக்திக்கு 225 பேர் சபையில் மூன்று உறுப்பினர்களே இருந்தார்கள். 2004 இன் கட்சியும் 2024 இன் கூட்டணியும் எவ்வளவு தூரம் ஒன்று என்பது நியாயமான, இன்னும் முடியாத கேள்வி.

தாளில் இருக்கும் நேர்மை

பண நேர்மையைப் பொறுத்தவரை 2024 முக்கியமான வருடம். 1975 ஆம் ஆண்டின் சொத்துப் பொறுப்புச் சட்டத்தின் கீழ் ஒரு குடிமகன் கட்டணம் செலுத்தி அரசியல்வாதியின் சொத்துப் பிரகடனத்தின் பிரதியை எடுக்க முடிந்தது, ஆனால் அதில் உள்ளதை வெளியே சொன்னால் குற்றமாக இருந்தது. 2023 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டம் அந்தப் பூட்டை உடைத்தது. 2024 இல் ஜனாதிபதி வேட்பாளர்களின் பிரகடனங்களைத் தேர்தல்கள் ஆணைக்குழு தன் இணையதளத்தில் போட்டது. யாரும் இறக்கி வாசிக்கலாம்.

வாசிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் சிக்கல். மொத்தத் தொகையை மட்டும் பார்த்து "இவருக்கு இவ்வளவா" என்று பகிர்வதால் ஒன்றும் விளங்காது. காணியின் பெறுமதி வாங்கிய நாளில் இருந்ததா, இன்றைய விலையா என்று முதலில் பாருங்கள். இருபது வருடத்துக்கு முன் வாங்கிய கொழும்புக் காணி தாளில் மிகச் சிறிய தொகையாக நிற்கலாம். அடுத்தது துணைவரின் பக்கம். பிறகு கடன்: யாரிடம், எவ்வளவு. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒரு தாளைத் தனியாக வைத்து முடிவெடுக்காதிருப்பது. ஒரு வருடத்தின் பிரகடனம் ஒரு நிழற்படம் மட்டுமே. இரண்டு வருடத்துத் தாள்களை அருகருகே வைத்து, நடுவில் கூடிய சொத்தை அந்தக் காலத்து வருமானத்தோடு ஒப்பிட்டால்தான் கேள்வி பிறக்கும். ஆகவே 2024 இன் தாள்களைச் சேமித்து வைப்பது தேவையான வேலை. அவற்றின் உண்மையான பயன் அடுத்த தாள்கள் வரும்போதுதான்.

செலவுக் கணக்கு அப்படியில்லை. 2023 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தேர்தல் செலவினச் சட்டத்தின்படி 2024 க்கு ஒரு வாக்காளருக்கு 109 ரூபாய் உச்சவரம்பு. பதிவான வாக்காளர்கள் 17,140,354 பேர். பெருக்கினால் ஒரு வேட்பாளருக்கு 186 கோடியே 82 இலட்சம் ரூபாய்க்கு மேல். இந்தக் கணக்கை முடிவு வெளியாகி 21 நாளுக்குள் கொடுத்தால் போதும். யார் காசு கொடுத்தார்கள் என்ற விடை வாக்களித்து முடிந்தபின் வருகிறது. கட்சி உறவைப் பற்றிய மிக நேரடியான சான்று இதுதான், அது தேவைப்படும் நாளில் கையில் இல்லை. வாக்களிப்புக்கு முன் ஓர் இடைக்காலக் கணக்காவது கேட்கும் திருத்தம் வர வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

செப்டெம்பர் 22, இரண்டாவது எண்ணல்

1982 முதல் 2019 வரை எட்டு ஜனாதிபதித் தேர்தல்கள். எட்டிலும் முதல் எண்ணலிலேயே ஒருவர் பாதியைத் தாண்டினார். 1988 இல் பிரேமதாச 50.43 சதவீதம். 2005 இல் மஹிந்த 50.29, பாதியைவிட 28,632 வாக்குகள்தான் அதிகம். விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பால் யாழ்ப்பாணத்தில் 1.2 சதவீதமே வாக்களித்த தேர்தல் அது. விளிம்பில் தப்பிப் போனதால் இரண்டாவது எண்ணல் எப்படி நடக்கும் என்று யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

2024 இல் பார்த்தோம். அநுர 5,634,915, சஜித் 4,363,035, ரணில் 2,299,767. செல்லுபடியான வாக்குகள் 13,319,616. அநுரவுக்கு 42.31 சதவீதம், பாதி இல்லை. சட்டப்படி முதல் இருவரைத் தவிர மற்ற எல்லோரும் விலக்கப்பட்டார்கள். விலக்கப்பட்டவர்களுக்கு 1 போட்டிருந்த சீட்டுகள் மட்டும் மீண்டும் எடுக்கப்பட்டன. அதில் 2 அந்த இருவரில் ஒருவருக்கு இருந்தால் அவரிடம் போகும். 2 இன்னொரு விலக்கப்பட்டவருக்கு இருந்தால் 3 யாருக்கென்று பார்ப்பார்கள். அதுவும் இல்லையென்றால் அந்தச் சீட்டு அங்கேயே நின்றுவிடும். அநுரவுக்கும் சஜித்துக்கும் 1 போட்ட சீட்டுகளின் 2, 3 ஐ யாரும் பார்ப்பதேயில்லை.

எடுத்துப் பார்த்த சீட்டுகள் 3,321,666. அதில் அநுரவுக்குச் சேர்ந்தது 105,264. சஜித்துக்குச் சேர்ந்தது 167,867. இரண்டும் சேர்த்து 273,131, நூற்றுக்கு எட்டு. மீதி முப்பது இலட்சத்துக்கு மேற்பட்ட சீட்டுகள் யாருக்கும் போகவில்லை. அநுர 5,740,179 என்ற எண்ணிக்கையோடு வென்றார். இருவருக்குள் அது 55.89 சதவீதம்; செல்லுபடியான எல்லா வாக்குகளிலும் பார்த்தால் 43.10 சதவீதம்.

இந்த எண்களைக் கண்டபின்தான் அந்தச் சந்திக் கதையைப் பற்றிய என் எண்ணம் மாறியது. அதுவரை மக்கள் ஆளையும் கட்சியையும் பிரித்துப் பார்ப்பதே சிக்கல் என்று நினைத்திருந்தேன். இப்போது அந்தத் தயக்கம் நியாயமானது என்று தோன்றுகிறது. தயக்கத்தைச் சீட்டில் எழுதாமல் விட்டதே இழப்பு. அந்த 33 இலட்சம் பேரும் 2 அல்லது 3 போட்டிருந்து, போட்டவர்களின் அதே விகிதத்தில் பிரிந்திருந்தால், சஜித்துக்கு அதிகம் சேர்ந்திருக்கும், ஆனாலும் அநுரதான் வென்றிருப்பார். ஏறத்தாழ 69 இலட்சம் வாக்குகளோடு, எல்லாச் செல்லுபடியான வாக்குகளிலும் சுமார் 52 சதவீதத்தோடு. போடாதவர்கள் போட்டவர்களைப் போலவே பிரிந்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது என்பது உண்மை. சஜித் முந்த வேண்டுமென்றால் அவர்களில் 69 சதவீதத்துக்கு மேல் அவர் பக்கம் போயிருக்க வேண்டும். எப்படியானாலும் செல்லுபடியாக வாக்களித்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பெயரால் ஒரு ஜனாதிபதி கிடைத்திருப்பார், அவருக்குக் கிடைத்த இரண்டாம் விருப்பத்துக்குள் "ஆள் சரி, கட்சியைக் கவனித்துக்கொள்" என்ற எச்சரிக்கையும் பதிவாகியிருக்கும்.

ஏன் போடவில்லை? என் கணிப்பில் பெரிய காரணம், "விருப்பு வாக்கு" என்ற ஒரே பெயர் இரண்டு வேறு விடயங்களுக்கு இருப்பது. பொதுத் தேர்தலில் கட்சிக்குப் புள்ளடி (X) போட்டுவிட்டு, அந்தக் கட்சியின் மூன்று வேட்பாளர் இலக்கங்களுக்குப் புள்ளடி போடுகிறோம். மூன்றுக்கும் ஒரே எடை. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்பது வரிசை. இரண்டாவது விருப்பம் முதலாவதைக் குறைத்துவிடும் என்ற பயம் பலரிடம் இருக்கிறது. குறைக்காது. முதலாமவர் போட்டியில் இருக்கும்வரை இரண்டாவதை யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லை. உள்ளூராட்சித் தேர்தலில் ஒற்றைப் புள்ளடி பழகியது இன்னொரு காரணம்.

போடும் முறை இவ்வளவுதான். சின்னத்துக்கு எதிரே உள்ள கட்டத்தில் முதல் விருப்பத்துக்கு 1 என்று இலக்கமாக எழுதுங்கள். மற்ற இருவருக்கு 2, 3. ஒற்றைப் புள்ளடி மட்டும் போட்டால் அது 1 ஆகக் கொள்ளப்படும், ஆனால் புள்ளடியையும் இலக்கங்களையும் ஒரே சீட்டில் கலக்க வேண்டாம். 1 இல்லாமல் 2, 3 மட்டும் இருந்தால் நிராகரிக்கப்படும். இரண்டு பேருக்கு 1 போட்டாலும் அதேதான். 2024 இல் 300,300 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. உங்கள் 1 வெல்லக்கூடிய இருவரில் ஒருவருக்கு இல்லையென்றால், 2 இலோ 3 இலோ அந்த இருவரில் ஒருவர் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உங்கள் சீட்டு இரண்டாவது எண்ணலில் பேசாது.

சங்குச் சீட்டுகள்

தமிழ்க் கட்சிகள் சிலவும் அமைப்புகளும் சேர்ந்து நிறுத்திய தமிழ்ப் பொது வேட்பாளர் பா. அரியநேத்திரனைப் பற்றிய வாதம் இந்த இடத்தில்தான் கூர்மையாகிறது. அவர் தமிழரசுக் கட்சிக்காரர், ஆனால் சங்குச் சின்னத்தில் சுயேச்சை. கட்சி செப்டெம்பர் தொடக்கத்தில் சஜித்தை ஆதரிப்பதாக முடிவெடுத்தது. அதே கட்சியின் சி. சிறீதரன் சங்கோடு நின்றார். வீட்டுக்கு வீடு சண்டை. சங்குக்குப் போடுவது வாக்கை வீணாக்குவது என்று ஒருபக்கம், சிங்கள வேட்பாளருக்குப் போடுவது கொள்கையை விற்பது என்று மறுபக்கம். யாழ்ப்பாணத்தில் சஜித் 121,177, அரியநேத்திரன் 116,688, ரணில் 84,558, அநுர 27,086. நாடு முழுவதும் சங்குக்கு 226,343.

இந்தச் சண்டைக்குப் பெரும்பகுதி தேவையே இருக்கவில்லை. 1 ஐச் சங்குக்கும் 2 ஐ தாங்கக்கூடிய ஒருவருக்கும் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் சொல்ல விரும்பியது ஒரே சீட்டில் அடங்கியிருக்கும்: எங்கள் கோரிக்கை இது, அதன்பின் இருப்பவர்களில் இவரை ஏற்கிறோம். யாழ்ப்பாண வாக்காளர் கட்சியைப் பற்றிய கருத்தை மாற்றாதவர் என்ற எண்ணத்தையும் இரண்டே மாதத்தில் அவர்களே உடைத்தார்கள். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி அங்கே 80,830 வாக்குகளோடு ஆறில் மூன்று ஆசனங்களை எடுத்தது. அந்த நகர்வின் தொடக்கம் செப்டெம்பரிலேயே எத்தனை பேரின் மனதில் இரண்டாம் விருப்பமாக இருந்தது என்று சீட்டுகளிலிருந்து சொல்ல வழியில்லை, ஏனென்றால் பெரும்பாலானவற்றில் 2 எழுதப்படவில்லை.

அடுத்த ஜனாதிபதித் தேர்தல் உரிய காலப்படி 2029 இல். அதற்கு முன் ஆணைக்குழுவும் பாடசாலைகளும் ஊர்ச் சங்கங்களும் செய்யக்கூடிய வேலை சிறியது. கட்சிகள் கொடுக்கும் மாதிரிச் சீட்டில் தங்கள் சின்னத்துக்கு எதிரே மட்டும் அடையாளம் இருக்கும். 2 ஐப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு ஆர்வமில்லை. கட்சி சாராத ஒரு மாதிரிச் சீட்டை, கற்பனைச் சின்னங்களோடு, அச்சிட்டு ஒரு வாசிகசாலையில் முப்பது பேருக்குக் கொடுங்கள். 1, 2, 3 போடச் சொல்லுங்கள். பிறகு எல்லோர் முன்னிலையிலும் முதல் இருவரைத் தவிர மற்றவர்களை விலக்கி, மீதிச் சீட்டுகளை மீண்டும் எண்ணிக் காட்டுங்கள். அரைமணி நேர வேலை. எந்தச் சீட்டு நகர்ந்தது, எந்தச் சீட்டு மேசையிலேயே கிடந்தது என்று முப்பது பேரும் பார்ப்பார்கள்.